சுருங்கிய விதைக்கிழங்கு: நடலாமா, சமைக்கலாமா?

புரட்டாதி கடைசியில் மழை மணம் வந்ததும் திருகோணமலை வீடுகளில் பரணில் கிடந்த கடகங்களும் சாக்குகளும் கீழே இறங்கும். வைகாசி தொடங்கி மேற்கிலிருந்து அடித்த கச்சான் காற்று அதற்குள் தன் வேலையைக் காட்டியிருக்கும். விதை வெங்காயம் நோஞ்சானாகிக் கிடக்கும். இஞ்சி விறகுத் துண்டு போல இருக்கும். மலைநாட்டிலிருந்து ஆசையாக எடுப்பித்து வைத்த விதை உருளைக்கிழங்கு கிழவன் முகம் போலச் சுருங்கி, வெள்ளை முளைகளை நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தவுடன் அள்ளிக் கொட்டத்தான் மனம் வரும். கொட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: இதை நடலாமா? இதைச் சாப்பிடலாமா?

இரண்டையும் ஒரே கேள்வியாக நினைப்பதால்தான் நல்ல விதை குப்பைக்குப் போகிறது, கெட்ட பொருள் கறிச்சட்டிக்குள் போகிறது. பச்சை பிடித்த உருளைக்கிழங்கு நடுவதற்கு மிக நல்லது, ஆனால் வயிற்றுக்கு நஞ்சு. அவித்துக் காய வைத்த மஞ்சள் கறிக்கு முதல் தரம், மண்ணில் வைத்தால் ஒருநாளும் முளைக்காது. பூஞ்சணம் பிடித்த கச்சான் கொட்டை (நிலக்கடலை) சிலவேளை முளைத்துவிடும், அதற்காக அதை வறுத்துத் தின்ன முடியாது. மருந்துத் தூள் பூசிய விதைக்கிழங்கை எத்தனை தரம் கழுவினாலும் சமைக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு தீர்ப்புத் தேவை.

காய்தல் எல்லாவற்றுக்கும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நெல், பயறு, கவுப்பி, உளுந்து, மிளகாய் விதை, கத்தரி விதை போன்றவை காயக் காய நீண்ட காலம் உயிரோடு இருக்கும். அவற்றின் ஈரம் நூற்றுக்கு 1 பங்கு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கிழங்கு, வெங்காயம், இஞ்சி போன்றவை அப்படியல்ல. அவை உள்ளே நீரோடு மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் உயிர்கள். நீர் குறையக் குறைய அவற்றின் கைக்காசு கரைகிறது. மூன்றாவது ஒரு கூட்டமும் உண்டு: மா, பலா, கறிவேப்பிலை. இவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும். கறிவேப்பிலைப் பழத்தைப் பறித்து, சதையை நீக்கிச் சில நாட்களுக்குள் மண்ணில் போடாவிட்டால் பிறகு எந்த வைத்தியமும் பலிக்காது. இந்த மூன்றாவது கூட்டத்தில் காய்ந்துபோனது எதையும் சோதித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உருளைக்கிழங்கு

முதலில் எடை. சேமிக்க வைத்தபோது 10 கிலோ நிறுத்து வைத்திருந்தால் இப்போது மறுபடி நிறுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் கிழங்கு சற்றே மெதுமையாக இருக்கும், கவலைப்பட ஒன்றும் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் தோல் நன்றாகச் சுருங்கியிருக்கும். அதையும் நடலாம். மூன்றில் ஒரு பங்கு போய், அமுக்கினால் ரப்பர் போல வளைகிறது என்றால் அந்தக் கிழங்கில் மிச்சமிருப்பது ஒரு முளையை மேலே தள்ளும் அளவு பலம்தான். நிறுக்காமல் வைத்தவர்களுக்கு விரல்தான் தராசு. சுருங்கிய கிழங்கு விரலுக்கு எதிர்த்து நிற்க வேண்டும். விரல் உள்ளே போய் ஈரம் ஒட்டினால் அது அழுகல்.

சுருக்கத்தை விட முக்கியமானது முளை. 1 தொடக்கம் 2 சென்ரிமீற்றர் உயரத்தில் கட்டையாக, தடிப்பாக, பச்சை அல்லது ஊதா நிறத்தில், அடியில் சிறு சிறு வேர்ப் புள்ளிகளோடு இருந்தால் கிழங்கு எவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தாலும் அது நல்ல விதை. இருட்டுச் சாக்குக்குள் கிடந்ததற்கு முளை வெள்ளையாக, நீளமாக, தொட்டால் முறிகிற மாதிரி இருக்கும். அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறோம். முளை நூல் போல மெல்லியதாக, எல்லாக் கண்ணிலும் அப்படியே இருந்தால் அந்தக் கிழங்கு வைரசு நோய் தாங்கியதாகவோ மிக முதிர்ந்ததாகவோ இருக்கும். அதை விதைக்கு எடுக்காதீர்கள். இன்னொரு வகையும் உண்டு: முளையே வளராமல், கண்ணில் கோலிக்குண்டு அளவில் குட்டிக் கிழங்குகள் உருண்டிருக்கும். பார்க்க அதிசயமாக இருக்கும், ஆனால் அது கிழங்கு தன் வயதைக் கடந்துவிட்டது என்பதன் அறிகுறி. நட்டால் மண்ணுக்குள்ளேயே இன்னும் இரண்டு குட்டி போட்டுவிட்டு, இலை விடாமல் முடிந்துபோகும். திருகோணமலை வெக்கையில் கிழங்கு வேகமாக முதிர்வதால் இந்தக் குறை இங்கே கூடுதலாகவே தென்படும்.

அடுத்தது, ஒவ்வொரு பத்துக் கிழங்குக்கும் ஒன்றையாவது குறுக்கே வெட்டிப் பாருங்கள். கத்தியைக் கொதிநீரில் தோய்த்து எடுங்கள், ஒரு கிழங்கின் நோய் அடுத்ததற்குத் தாவ விடாதீர்கள். உள்ளே வெளிர் மஞ்சளாக, ஒரே சீராக இருந்தால் நல்லது. நடுவில் மட்டும் கறுத்திருந்தால் காற்றில்லாமல் வெக்கையில் மூச்சுமுட்டியிருக்கிறது. பொலித்தீன் பையில் கட்டி வைத்தவர்களுக்கும் தகரக் கூரையின் கீழ் குவித்து வைத்தவர்களுக்கும் இது நேரும். தோலில் வட்ட வட்டமாக மடிந்த சுருக்கமும், வெட்டினால் உள்ளே குழியும், குழிக்குள் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பூஞ்சணமும் இருந்தால் அது உலர் அழுகல். சாதாரணச் சுருக்கம் கிழங்கு முழுவதும் பரவியிருக்கும். உலர் அழுகல் ஓரிடத்தில் மட்டும் பள்ளமாக விழும். இந்த ஒரு வேறுபாட்டைக் கண் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முளைக்கண்ணில் கறுப்பு எச்சம் குவிந்திருந்தால் உள்ளே அந்துப் புழு சுரங்கம் தோண்டியிருக்கிறது.

மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டியது பற்றீரிய வாடல். வெட்டிய முகத்தில், தோலிலிருந்து சற்று உள்ளே, பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். கிழங்கை அமுக்கினால் அந்த வளையத்திலிருந்து பால் போல வெண்ணிறத் துளிகள் வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீர் எடுத்து, வளையப் பகுதியிலிருந்து மெல்லிய துண்டொன்றை நீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெள்ளை நூல் போல இழைகள் கீழே இறங்கினால் நோய் உறுதி. அந்தக் கிழங்கை எரியுங்கள். கூட்டெரு குழிக்குள் போடாதீர்கள். அந்தப் பற்றீரியா மண்ணில் தங்கிக் கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாவற்றையும் பிடிக்கும். ஒரு கிலோ கிழங்கு ஆசைக்காக மூதூர்ப் பக்கத்துக் கத்தரித் தோட்டமொன்றை இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

வெள்ளை முளை நீண்டுவிட்ட கிழங்குக்கு இரண்டு வழி. கிழங்கு இன்னும் ஓரளவு உறுதியாக இருந்தால் முளைகளை ஒருதரம் முறித்துவிட்டு, தட்டு ஒன்றில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் 10 தொடக்கம் 14 நாள் வையுங்கள். வீட்டின் வடக்குச் சுவரோரத் திண்ணை இதற்கு நல்ல இடம். புதிய முளை கட்டையாகவும் பச்சையாகவும் வரும். இதை ஒருதரம்தான் செய்யலாம், ஒவ்வொரு முறிப்பும் கிழங்கின் சேமிப்பைத் தின்கிறது. கிழங்கு ஏற்கெனவே மிகச் சுருங்கியிருந்தால் முளையை முறிக்கவே வேண்டாம். நீளமான முளையோடு சாலுக்குள் படுக்க வைத்து, முளை முறியாமல் மெல்ல மண் மூடுங்கள்.

சுருங்கிய கிழங்கை இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. கிழங்கு உப்பிப் பார்க்க அழகாகும் என்பது உண்மை. ஆனால் நீருக்குள் அதற்கு மூச்சில்லை. தோலில் ஒட்டியிருக்கும் அழுகல் பற்றீரியா அந்த நேரம் பார்த்து உள்ளே நுழையும், நான்கு நாளில் கிழங்கு கூழாகும். ஈரம் கொடுக்க விரும்பினால் பிழிந்த தும்புத்தூளில் இரண்டு மூன்று நாள் புதைத்து வையுங்கள். தும்பைக் கையில் பிடித்து இறுக்கினால் நீர் சொட்டக் கூடாது. அந்த அளவு ஈரம் போதும்.

பெரிய கிழங்கை வெட்டி நடுவது மலைநாட்டில் சரிவரும். வெட்டுவாய் ஆறுவதற்கு 15 தொடக்கம் 20 பாகை செல்சியஸ் குளிர்ச்சி தேவை. நமது 30 பாகையில், அதுவும் மழைக்காலத்தில், வெட்டுவாய் ஆறுவதற்கு முன்பே அழுகத் தொடங்கும். ஆகவே 30 தொடக்கம் 60 கிராம் வரையான முழுக் கிழங்கையே தெரிவு செய்யுங்கள். சுருங்கிய கிழங்கை 5 சென்ரிமீற்றருக்கு மேல் ஆழத்தில் புதைக்கவும் வேண்டாம், அதற்குத் தள்ளி மேலே வரப் பலமில்லை. வரிசைக்கு வரிசை 60, கிழங்குக்குக் கிழங்கு 25 சென்ரிமீற்றர். மண் ஈரமாக இருக்கட்டும், முளை வெளியே தெரியும்வரை வெள்ளமாக ஊற்றாதீர்கள். மேலே நாலு விரல் தடிப்பில் வைக்கோல் மூடினால் மண் குளிர்ந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். உருளைக்கிழங்கு நன்றாகத் திரள இரவு வெப்பம் 15 தொடக்கம் 20 பாகைக்குள் இருக்க வேண்டும். நுவரெலியாவிலும் வெலிமடையிலும் அது இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கார்த்திகை, மார்கழியில் நட்டு மாசி, பங்குனியில் கிளறுகிறார்கள். கடற்கரையை ஒட்டிய திருகோணமலையில் மார்கழி இரவுகூட அவ்வளவு இறங்குவது அரிது. செடி செழிக்கும், கிழங்கு சிறுக்கும். வீட்டுத் தோட்டத்தில் இரண்டு பாத்தி போட்டுப் பார்ப்பதற்கு இது தடையில்லை. கடன் வாங்கி அரை ஏக்கர் போட நினைப்பவர்கள் மட்டும் முதலில் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரோடு பேசுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

இனிச் சமையல். சுருங்கிய, பச்சையில்லாத, முளை அரும்பு நிலையில் உள்ள கிழங்கைத் தோல் சீவி, முளைக்கண்ணைச் சுற்றித் தோண்டி எடுத்துவிட்டுத் தாராளமாகச் சமைக்கலாம். நீர் குறைந்ததால் பொரிப்பதற்குக்கூட நல்லது. தோலின் கீழ் மெல்லிய பச்சை தெரிந்தால் பச்சை போகும்வரை தடிப்பாகச் சீவுங்கள். பச்சை ஆழமாக இறங்கியிருந்தாலோ, முளை விரல் நீளம் வளர்ந்து கிழங்கு சுருங்கியிருந்தாலோ சமைக்க வேண்டாம். பச்சைக்கும் முளைக்கும் பக்கத்தில் சேருகிற சொலனின் என்ற நஞ்சு அவித்தாலும் பொரித்தாலும் அழியாது. வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம் வரும், சின்னப் பிள்ளைகளுக்குச் சிறிய அளவே கெடுதி செய்யப் போதும். சமைத்த கிழங்கு நாக்கில் கசந்தால் அந்த வாயோடு நிறுத்திவிடுங்கள். விதைக்கென்று விற்கப்பட்ட கிழங்கில் வெள்ளையோ இளஞ்சிவப்போ தூள் ஒட்டியிருந்தால் அது பூஞ்சண மருந்து. அதில் சமையல் பேச்சுக்கே இடமில்லை.

விதை வெங்காயம்

நிலாவெளி, இறக்கண்டி, குச்சவெளி மணற்பாங்கில் சின்ன வெங்காயம் வைப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் இரண்டு கட்டு தொங்கவிட்டு வைத்திருக்கும் புதியவர்களுக்காக எழுதுகிறோம்.

தாளோடு பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிட்ட வெங்காயம் மூன்று நான்கு மாதத்தில் காற்பங்கு எடை இழப்பது இயல்பு. அது குறையல்ல. குமிழைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து அமுக்குங்கள். உள்ளே கட்டியாக ஒன்று எதிர்த்தால் உயிர் இருக்கிறது. சருகு மட்டும் நொறுங்கினால் பொக்கு. அடுத்து அடிப்பக்கம். வேர் வரும் தட்டுப் பகுதியைப் பெருவிரலால் அழுத்துங்கள். அது மெத்தென்று அமுங்கி, வெள்ளையோ இளஞ்சிவப்போ பூஞ்சணம் தெரிந்தால் அடியழுகல். அந்தக் குமிழ் மட்டுமல்ல, அதே பிடியில் உள்ள எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். சந்தேகமாக உள்ள இரண்டைச் செங்குத்தாகப் பிளந்தால் நடுவில் பச்சைக் குருத்துத் தெரியும். குருத்துப் பழுப்பாக இருந்தால் அது செத்தது.

ஏற்கெனவே முளைத்துத் தாள் நீட்டிய வெங்காயத்தை உடனே நடுங்கள், காத்திருந்தால் குமிழ் தன்னையே தின்றுவிடும். நீண்ட தாளை ஒரு அங்குலம் விட்டு வெட்டிக் கறிக்குப் போடலாம். முளைக்கவே மறுக்கிற குமிழின் தலையில் மூன்றில் ஒரு பங்கைச் சீவி, வெட்டுவாய் ஒருநாள் நிழலில் காய்ந்தபின் நட்டால் குருத்துச் சீக்கிரம் வெளியே வரும். குமிழுக்குக் குமிழ் 10 சென்ரிமீற்றர், தலை மண்ணுக்குச் சற்று வெளியே தெரியும்படி. மாரியில் பாத்தி உயரமாக இருக்க வேண்டும். சுருங்கிய விதைக்கு நீர் தேங்குவதுதான் முதல் எதிரி.

சமையலறையில் முளைத்த பெரிய பம்பாய் வெங்காயத்தை நட்டால் திரும்ப ஒரு பெரிய வெங்காயம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தாளும் பூத்தண்டும்தான் வரும். தாள் சம்பலுக்கு உதவும்.

கறுப்புத் தூள் பிடித்த வெங்காயத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். தூள் வெளிச் சருகோடு நின்றிருந்தால் சருகை உரித்து, கழுவிவிட்டுச் சமைக்கலாம். சதை மடிப்புகளுக்கு இடையில் இறங்கியிருந்தால் அந்த வெங்காயத்தை முழுதாக எறியுங்கள்.

இஞ்சி, மஞ்சள்

சுருங்கிய இஞ்சியை முறித்துப் பாருங்கள். சத்தத்தோடு முறிந்து, உள்ளே மஞ்சளாக ஈரம் மினுங்கினால் உயிர் இருக்கிறது. சில இஞ்சியில் நீலம் கலந்த வளையம் தெரியும். அது அந்த இனத்தின் நிறம், அழுகல் அல்ல. முறிக்க முடியாமல் நார் இழுபட்டு, உள்ளே வெறும் தும்பாக இருந்தால் விதைக்கு ஆகாது. சமையலில் தேநீருக்குத் தட்டிப் போடலாம், அல்லது சீவி வெயிலில் முழுதாகக் காயவிட்டுச் சுக்காக்கலாம். பூஞ்சணமோ கூழ்த்தன்மையோ இருந்தால் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாவிக்கும் யோசனையைக் கைவிடுங்கள்.

நடும் துண்டு 30 தொடக்கம் 50 கிராம் இருக்கட்டும், புடைத்த அரும்பு ஒன்றாவது வேண்டும். நேரே தோட்டத்தில் வைக்காமல், நிழலில் ஈர மணல் அல்லது தும்புத்தூள் மேல் பரப்பி, மெல்லியதாக மூடி இரண்டு மூன்று கிழமை விடுங்கள். அரும்பு ஒரு சென்ரிமீற்றர் வந்ததை மட்டும் தோட்டத்துக்கு எடுங்கள். இப்படிச் செய்தால் பாத்தியில் இடைவெளி விழாது. மஞ்சளுக்கும் இதே முறை. ஆனால் கடையில் விரலி மஞ்சளாக விற்பது அவித்துக் காய்ந்தது, விதைக்கு உதவாது. பச்சை மஞ்சளாகவே வாங்க வேண்டும்.

வள்ளி, வத்தாளை, மரவள்ளி

இராசவள்ளிக் கிழங்கின் தலைப்பக்கம்தான் முதலில் முளைக்கும். அதனால் கிழங்கைக் கறிக்கும் களிக்கும் எடுக்கும்போது தலையை வெட்டி வைத்துவிடுவது எங்கள் ஊர்களில் பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. 150 தொடக்கம் 200 கிராம் துண்டாக இருக்கட்டும். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் பூசி ஓரிரு நாள் நிழலில் விடுங்கள். தோல் சுருங்கியிருந்தாலும் வெட்டும்போது பிசின் வழுவழுப்பு இருந்தால் அது உயிரோடு இருக்கிறது.

வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி) சுருங்கினால் இனிப்புக் கூடும், அவித்துச் சாப்பிட ஏற்றது. ஆனால் கறுத்து உலர்ந்த புள்ளி, கசப்பு, வண்டு துளைத்த சுரங்கம், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் எறியுங்கள். தாக்கப்பட்ட கிழங்கு தானே உண்டாக்கும் நஞ்சு அவியலில் போகாது. மாட்டுக்கும் போடாதீர்கள், அதன் நுரையீரலைப் பாதிக்கும். நடுவதற்குக் கிழங்கைவிடக் கொடிதான் பாவிக்கிறோம். 30 சென்ரிமீற்றர் கொடித் துண்டு ஒருநாள் நிழலில் வாடியிருந்தால் பயப்பட வேண்டாம், வேர் நன்றாகவே பிடிக்கும்.

மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு ஓடத் தொடங்கும். அந்தக் கிழங்கு வேண்டாம். பிடுங்கிய அன்றே அல்லது மறுநாளே தோலை முழுதாக உரித்து, மூடாமல் நிறைய நீரில் அவித்து, அந்த நீரை ஊற்றிவிட வேண்டும். நடுவது தடி. பல கிழமை நிழலில் நிமிர்த்தி வைத்த தடியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க, நகத்தால் தோலைக் கீறுங்கள். உடனே பால் கசிந்தால் நடலாம். காய்ந்த நுனியை வெட்டி நீக்கி, பால் வரும் பகுதியில் 20 தொடக்கம் 25 சென்ரிமீற்றர் துண்டுகள் எடுங்கள்.

தானியமும் பருப்பும்: எண்ணிப் பாருங்கள்

கிழங்கைக் கண்ணால் கணிக்கலாம், விதையைக் கணிக்க முடியாது. போன வருடக் கவுப்பி புதிதைப் போலவே மினுங்கும், பாதி செத்திருக்கும். 100 விதையை எண்ணுங்கள், நல்லதாகப் பொறுக்கி எடுக்காமல் கைக்கு வந்தபடி. நனைத்துப் பிழிந்த சாக்குத் துணியில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, பொலித்தீனில் தளர்வாகச் சுற்றி வீட்டுக்குள் வையுங்கள். காலை மாலை ஈரம் பாருங்கள். பயறு மூன்றிலிருந்து ஐந்து நாள், கவுப்பியும் உளுந்தும் ஐந்து நாளளவு, நெல் ஐந்திலிருந்து ஏழு நாள், மிளகாயும் கத்தரியும் இரண்டு கிழமைவரை. வேரும் குருத்தும் இரண்டும் வந்ததை மட்டும் எண்ணுங்கள். கடைசி நாளில் ஆடி அசைந்து வந்ததைச் செத்த கணக்கில் சேருங்கள், வயலில் அது மண்ணைக் கிழித்து வராது.

85க்கு மேல் முளைத்தால் வழமையான அளவு விதையுங்கள். 50 தொடக்கம் 85 வரை என்றால் கூட்டிப் போட வேண்டும்: வழமையான அளவை 85ஆல் பெருக்கி, முளைத்த எண்ணிக்கையால் வகுங்கள். 2 கிலோ போடும் இடத்தில் 60 முளைத்திருந்தால் சுமார் 2 கிலோ 830 கிராம். 50க்குக் கீழ் வந்த விதையை நம்பி உழவுக் காசைச் செலவழிக்காதீர்கள். வந்த செடியும் நோஞ்சானாகவே இருக்கும்.

விதைநெல்லுக்கு உப்புநீர் முறை இன்றைக்கும் சிறந்தது. வாளி நீரில் புதிய கோழிமுட்டை ஒன்றைப் போட்டு, முட்டை எழுந்து மேலே மிதக்கும்வரை உப்பைக் கரையுங்கள். நெல்லைக் கொட்டிக் கிளறி, மிதப்பதை அள்ளுங்கள், தாழ்ந்ததை இரண்டு தரம் நல்ல நீரில் கழுவுங்கள். உப்பு ஒட்டியபடி விட்டால் முளை குன்றும். தம்பலகாமம், கிண்ணியா வயல்காரர் போன்று மூட்டைக் கணக்கில் ஊறப் போடுபவர்கள் 100 விதைச் சோதனையை முதலில் செய்துவிட்டு இதற்கு வரவேண்டும். உப்புநீர் பதரைத்தான் பிரிக்கும், உள்ளே செத்த நெல்லைக் காட்டாது.

வண்டு துளைத்த பயறும் கவுப்பியும் விதைக்கு வேண்டாம். சமைக்க எடுப்பதானால் நீரில் போட்டு மிதப்பதை ஊற்றிவிட்டு, தாழ்ந்ததை நன்றாகக் கழுவிப் பாவிக்கலாம்.

செத்தல் மிளகாயிலிருந்து விதை எடுப்பவர்கள் அது எங்கே காய்ந்தது என்று விசாரியுங்கள். தார் றோட்டிலும் வெறும் சீமெந்துத் தரையிலும் மதிய வெயிலில் காய்ந்த செத்தல் கறிக்கு நல்ல நிறம் தரும், உள்ளே விதை வெந்து செத்திருக்கும். சமைப்பதற்கும் ஒன்றிரண்டைக் கிழித்துப் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே சாம்பல் பூஞ்சணம் இருக்கும்.

கச்சான் கொட்டையில்தான் மிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும். மஞ்சள் கலந்த பச்சைப் பூஞ்சணம், நிறம் மாறிச் சுருங்கிய பருப்பு, கசப்பு. இவற்றில் அஃப்லடொக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தால் போகாது. கோழிக்கும் மாட்டுக்கும் போட்டால் அவற்றையும் தாக்கும். நல்லதும் கெட்டதும் கலந்திருந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்குங்கள், அதற்குப் பொறுமை இல்லையென்றால் முழுவதையும் எரியுங்கள். பூஞ்சணம் பிடித்த கொப்பராவுக்கும் இதே தீர்ப்பு. விதைக் கச்சானைக் கோதோடு வைத்து, நடுவதற்கு முதல் கிழமைக்குள் உடையுங்கள். உடைத்து வைத்த பருப்பு வேகமாக முளைப்பலம் இழக்கும்.

அடுத்த முறை சுருங்காமல் இருக்க

இந்த ஊரில் சேமிப்புக்கு இரண்டு எதிரி, இரண்டும் வேறு வேறு மாதத்தில் வரும். வைகாசி முதல் ஆவணி வரை வறட்டுக் காற்று கிழங்கைக் காய்ச்சும். ஐப்பசி முதல் தை வரை வாடைக் காலத்து ஈரம் விதைக்குள் ஏறும். ஆகவே கோடையில் கிழங்குக்கும் மாரியில் விதைக்கும் காவல் வேண்டும்.

விதை உருளைக்கிழங்கை மரத் தட்டில் ஒன்றிரண்டு அடுக்காக, வெயில் படாத வெளிச்சத்தில், மெல்லிய வலையால் மூடி வையுங்கள். கிழமைக்கு ஒருதரம் அழுகலைப் பொறுக்குங்கள். சமையல் உருளைக்கிழங்குக்கு இருட்டு வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் ஒன்று கெடும். வெங்காயத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள், கிழங்கு விடும் ஈரத்தில் வெங்காயம் அழுகும். இஞ்சியையும் மஞ்சளையும் நிழலில் காய்ந்த மணலுக்குள் அடுக்கடுக்காகப் புதைக்கலாம். தகரக் கூரைக்கு நேர் கீழே உள்ள பரண் மதியத்தில் அடுப்பாகும், அங்கே எந்த விதையையும் வைக்காதீர்கள். உரப் பையும் வேண்டாம், உள்ளே காற்றில்லை, உர உப்பும் ஒட்டியிருக்கும்.

தானிய விதையைப் போத்தலில் அடைப்பதற்கு முன் ஈரம் சோதிக்க ஒரு எளிய வழி: உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் காற்பங்கு விதையும் ஒரு கரண்டி நன்றாகக் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்கி, பத்து நிமிடம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் விதை இன்னும் காய வேண்டும். ஒட்டாமல் விழுந்தால் அடைக்கலாம். போத்தலின் அடியில் வறுத்து ஆறவைத்த அரிசியைக் காற்பங்கு போட்டு, மேலே துணி விரித்து அதன் மேல் விதையைக் கொட்டினால் வாடைக்கால ஈரத்தை அரிசி உறிஞ்சிக்கொள்ளும். கவுப்பிக்கும் பயறுக்கும் ஒரு கிலோவுக்கு 5 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெய் பூசினால் வண்டு முட்டை தேறாது. குளிரூட்டியின் உறைபெட்டி வசதி இருந்தால் நன்றாகக் காய்ந்த விதையை இறுக்கமாகக் கட்டி நான்கு நாள் வைத்து எடுங்கள், முட்டையும் புழுவும் சேர்த்தே சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த விதையில் பனி வியர்த்து அத்தனை நாள் காய வைத்தது வீணாகும்.

ஒவ்வொரு போத்தலிலும் பையிலும் மூன்று விபரம் எழுதி ஒட்டுங்கள்: இனம், சேமித்த மாதமும் வருடமும், அன்றைய எடை. விதைக்கிழங்காக இருந்தால் மருந்து பூசியதா இல்லையா என்பதையும் சிவப்பு மையில் எழுதுங்கள். வைத்தவர் வீட்டில் இல்லாத நாளில் சமையலுக்கு வேறொருவர் கை வைக்கக்கூடும்.